பீச்சாங்கைச் சோறு

1

போன வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து வீட்டுப் படியேறும்போதே தோல் கருகிய வாடை அடித்தது. தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு நடுவே திண்டுக்கல் பேகம்பூரில் பிறந்தவனுக்குத் தோல் வாடையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் இது பினாங்கு. வாடை என் வீட்டுச் சமையலறையிலிருந்து வந்தது.

ஓடிப் போய்ப் பார்த்தேன். என் மனைவி பாத்திமா எங்கள் மகள் நூருவின் இடது கையைத் தன் முழங்காலுக்கு அடியில் வைத்து அழுத்தியிருந்தாள். கையில் பழுக்கக் காய்ந்த கரண்டி. ஒரு சூடு ஏற்கெனவே வைத்தாகிவிட்டது. புறங்கையில் தோல் வெள்ளையாகச் சுருண்டு நின்றது. இரண்டாவது சூட்டுக்குக் கரண்டி இறங்கிக்கொண்டிருந்தது.

நான் கரண்டியைப் பிடித்தேன். காம்பைப் பிடிக்க நேரமில்லை. பழுத்த முனையைத்தான் பிடித்தேன். இதை எழுதுகிற இப்போதும் என் உள்ளங்கையில் கட்டு இருக்கிறது. பிடுங்கிய கரண்டியைச் சுவரில் எறிந்தேன். சுண்ணாம்பு பெயர்ந்து விழுந்தது. கல்யாணமான நாளிலிருந்து நான் சத்தம் போட்டு அவள் கேட்டதில்லை. அன்றைக்குப் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுச் சீனக் குடும்பம் படிக்கட்டில் வந்து நின்றது.

"எதுக்கு இம்புட்டுக் கூத்து?" என்றாள் பாத்திமா. அவளுக்கும் அழுகை. "பீச்சாங்கையால சோத்தை அள்ளித் திங்கிறா. சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. எங்க சித்தையன்கோட்டையில ஒரு சூடு போட்டுத்தான் திருத்துவாக. நாளைக்கு இவளக் கட்டிட்டுப் போற வீட்டுல என்னயத்தான திட்டுவாக?"

நூரு அழவில்லை. இங்கே ஆங்கிலப் பள்ளியில் படிக்கிறாள். தமிழ் அவள் வாயில் உடைந்து உடைந்துதான் வரும். "டீச்சர் முன்னால நான் இந்தக் கையில்தான் எழுது. டீச்சர் ஒண்ணும் சொல்றது இல்லை, அத்தா" என்றாள். பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எனக்கு ஏன் அப்படிக் கோபம் வந்தது என்று பாத்திமா கேட்கிறாள். ஒரு வாரமாகக் கேட்கிறாள். பேசத் தெரியாதவன் நான். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்கு நாக்கு எழாது. மனைவி எதிரே தனியாக இருந்தாலும் அதே கதைதான். ஐந்தாம் வகுப்புப் படிப்பு கொடுத்த எழுத்து இருக்கிறது. அதை வைத்து, ஊரில் இருக்கும் உங்களுக்குச் சொல்வதுபோல இதை எழுதுகிறேன். அச்சில் வந்தால் அவளும் படிப்பாள்.

2

இங்கே என் வேலையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டுக் கடையில் பரோட்டா போடுகிறேன் என்றுதான் ஊரில் பலரும் நினைக்கிறார்கள். அது பழைய கதை. இப்போது நான் ஒரு சீனத் தவுக்கே வீட்டில், அதாவது ஒரு முதலாளி வீட்டில், படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவரைப் பார்த்துக்கொள்கிறேன். காலையில் போனதும் அவரைப் புரட்டிப் போடுவேன். கழுவிவிடுவேன். முதுகில் புண் வராமல் பவுடர் தட்டுவேன். கஞ்சி கொடுப்பேன். மாலையில் மறுபடி கழுவி, துணி மாற்றி, கொசுவலையை இறக்கிவிட்டு வருவேன்.

அவர் அடிப்பார். தலைமாட்டில் ஒரு பிரம்பு வைத்திருக்கிறார். கழுவத் தண்ணீர் சில்லென்று இருந்தால் ஒன்று, வெந்நீராக இருந்தால் ஒன்று. என் முழங்கையில் தழும்புகளைப் பார்த்துவிட்டு அவர் மருமகள் வருத்தப்படுவாள். எனக்கு வருத்தமில்லை. படுத்துக் கிடப்பவருக்குத் தன் உடம்பில் இன்னும் தன் சொல் கேட்கிற பாகம் எதுவோ, அதை வைத்துத்தான் பேச முடியும்.

குடியுரிமைக்கு மனுப் போட்டபோது அலுவலகத்தில் என்ன தொழில் என்று கேட்டார்கள். எனக்குத் தெரிந்த மலாயில் "ஜாகா ஓராங் துவா" என்றேன். முதியவரைப் பார்த்துக்கொள்கிறேன் என்று நினைத்துச் சொன்னேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் ஜாகா என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு, காவல்காரன் என்று எழுதிவிட்டார். இரவா, பகலா, துப்பாக்கி உண்டா என்றெல்லாம் கேட்டார். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்தேன். என் அட்டையில் இன்றைக்கும் நான் காவல்காரன்தான்.

இந்த வேலையை நான் இங்கே கற்றுக்கொள்ளவில்லை. திண்டுக்கல்லில், என் அக்கா ஜெய்னம்புவின் வீட்டில் கற்றுக்கொண்டேன்.

3

ஐம்பதுகளின் நடுவில் கல்யாணத்துக்காக ஊருக்கு வந்திருந்தேன். மலாயாவுக்குத் திரும்பிப் போக அனுமதிச் சீட்டில் ஒரு கெடு இருந்தது. அதற்குள் போய் இறங்கவில்லை என்றால் கதவு அடைபட்டுவிடும். கல்யாணம் முடிந்து சித்தையன்கோட்டையில் மாமனார் வீட்டில் விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஆள் வந்தது. அக்கா புருசன் மஸ்தான் மச்சானுக்குக் கை கால் விழுந்துவிட்டது என்று.

மச்சான் தோல் ஷாப்பில் சதை வழிக்கிறவர். சுண்ணாம்புக் குழியில் ஊறிய தோலைச் சாய்ந்த கட்டைமேல் விரித்துப் போட்டு, இரண்டு பக்கமும் பிடி வைத்த கத்தியால் ஒட்டியிருக்கும் சதையை இழுத்து வழிக்க வேண்டும். அந்த வேலை செய்கிறவர்களுக்குத் தோளும் முன்கையும் மரம்போல இருக்கும். அந்தக் கையால் அவர் அக்காவை அடிப்பார் என்பது தெருவுக்கே தெரியும். அடிபட்ட மறுநாள் யார் கேட்டாலும் "விழுந்துட்டேன்" என்பாள் அக்கா. கிணற்றடியில் விழுந்தாள், வாசப்படியில் விழுந்தாள், ஒருமுறை பெருநாள் அன்று தொழுகை விரிப்பிலேயே விழுந்ததாகச் சொன்னாள். எங்கள் குடும்பத்தில் அக்காவைப் போல விழுந்தவர்கள் கிடையாது. பிள்ளை இல்லை என்பது அவர் சொல்லும் காரணம். காரணம் இல்லாத நாளிலும் அடி உண்டு.

கட்டைமேல் குனிந்திருந்தவர் அப்படியே சரிந்து சுண்ணாம்புக் குழி விளிம்பில் விழுந்திருக்கிறார். மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே சில நாள் வைத்திருந்துவிட்டு, "வீட்டில் வைத்துப் பாருங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டில் வைத்து எப்படிப் பார்ப்பது என்று யாரும் சொல்லவில்லை. வலது பக்கம் முழுதும் செத்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. ஒரே ஒரு சொல் மட்டும் எப்படியோ தங்கிவிட்டது. "நாயே."

தண்ணீர் வேண்டுமென்றால் நாயே. ஒன்றுக்கு வந்தால் நாயே. பள்ளிவாசலில் பாங்கு சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக, பயபக்தியாக, நாயே. முதல் நாள் நான் திடுக்கிட்டேன். அக்கா மட்டும், "இதுல ஒண்ணும் புதுசு இல்ல தம்பி. முன்னாடியும் எனக்கு இதான் பேரு" என்றாள்.

நான்கு நாள் இருந்து தூக்கிப் பிடிக்க உதவிவிட்டு வரலாம் என்றுதான் போனேன். கயிற்றுக் கட்டிலில் நடுவே கயிற்றை அறுத்து ஓட்டை செய்தேன். கீழே சட்டி வைத்தோம். அதனால் ஒவ்வொரு முறையும் அவரைத் தூக்க வேண்டியதில்லை. அக்காவும் நானும் ஆளுக்கொரு பக்கம் நின்று புரட்டுவோம். புரட்டும்போது அவருடைய இடது கை சும்மா இருக்காது. எட்டுகிற இடத்தில் விழும். என் காதில், அக்காவின் மார்பில், கன்னத்தில். பாதி உடம்பு போன மனிதனுக்கு மீதிப் பாதியில் அவ்வளவு பலம் எப்படி வருகிறது என்று எனக்குப் புரிந்ததில்லை.

4

அடியைச் சமாளித்துவிடலாம். சாப்பாடுதான் சிக்கலாயிற்று.

உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. வலது கைக்கு நம் ஊரில் பெயரே சோத்துக்கை. இடதுக்குப் பெயர் பீச்சாங்கை. மச்சானுக்குச் சோத்துக்கை போய்விட்டது. கால் கழுவுகிற கையை வாய்க்குக் கொண்டுபோக அவர் சம்மதிக்கவில்லை. தட்டை அருகில் வைத்தால் தட்டிவிடுவார். அப்படியென்றால் யாராவது ஊட்ட வேண்டும்.

முதல் நாள் அக்கா சோற்றைக் குழைய வடித்து, பருப்பாணம் ஊற்றிப் பிசைந்து, பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு வாய் உருட்டி நீட்டினாள். நான் துணி அலசிக்கொண்டு பார்த்திருந்தேன். நீட்டியது இடது கை.

மச்சான் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்தார். அதற்குள் வாயில் போயிருந்ததை அப்படியே அவள் கண்ணில் துப்பினார். கட்டிலோரம் இருந்த பித்தளைச் சொம்பை எடுத்து வீசினார். அது அவள் புருவத்தில் பட்டு, எலும்பு தெரியும்படி கிழித்தது. இரத்தம் சோற்றுத் தட்டில் சொட்டியது.

மஞ்சளை அப்பிக் கட்டிவிட்டுக் கேட்டேன். "என்னக்கா இது? படுத்துக் கெடக்கிற மனுசனுக்குப் பீச்சாங்கையாலயா ஊட்டுவ?"

"சோத்துக்கையில வெந்நீ பட்டுருச்சு தம்பி" என்றாள். கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து ஊட்டுவது என் வேலையாயிற்று. என் வலது கையைக் கண்டதும் மச்சான் வாயைத் திறந்தார். சில நாள் விரலோடு சேர்த்துக் கடிப்பார். கடித்துவிட்டு விடமாட்டார். மூக்கைப் பொத்தினால்தான் விடுவார். என் ஆள்காட்டி விரல் நகம் அப்போது போனதுதான், இன்றும் கோணலாகவே முளைக்கிறது. ஆனாலும் சாப்பிட்டார். உடம்பு தேறியது.

நடுவில் சீட்டு விஷயமாக நான் நாகப்பட்டினம் போக வேண்டியிருந்தது. கப்பல் அலுவலகத்தில் இந்த முத்திரை இல்லை, அந்தக் கையெழுத்து இல்லை என்று அலைக்கழித்தார்கள். திரும்பி வந்தபோது வீடு போர் நடந்த இடம்போல இருந்தது. சுவரில் சோறு ஒட்டிக் காய்ந்திருந்தது. அக்காவின் உதடு பிளந்திருந்தது. முன்தலையில் ஒரு பிடி முடியைக் காணவில்லை. மச்சானின் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. நான் போன நாளிலிருந்து தண்ணீர் தவிர ஒன்றும் உள்ளே போகவில்லை.

"கரண்டியால குடுத்திருக்கலாமேக்கா?"

அவள் மூலையைக் காட்டினாள். அலுமினியக் கரண்டி இரண்டாக மடங்கிக் கிடந்தது. "கரண்டியப் பிடிச்சதும் இதே கைதான?" என்றாள்.

மச்சானின் அண்ணன் பக்கீர் வாசலில் நின்றிருந்தார். மீசையை முறுக்கிக்கொண்டு, உள்ளே வராமல், தெருவுக்கே கேட்கிற மாதிரிப் பேசினார்.

"பாத்துக்க காதரு மாப்ளே. ஒங்க அக்கா கணக்குத் தீர்க்குறா. அவன் நல்லா இருந்தப்ப ரெண்டு அடி அடிச்சான்னு, இப்ப பீ கழுவுற கையால சோறு ஊட்டிப் பழி வாங்குறா. எந் தம்பி மானஸ்தன். செத்தாலும் அந்தக் கையில திங்க மாட்டான். அது தெரிஞ்சுதான் செய்யிறா."

"நீங்க ஊட்டுங்களேன், பெரிய மச்சான்" என்றேன். இவ்வளவு பேசியதே எனக்குப் பெரிது.

"நானா?" என்று ஒரு விரலை நீட்டிக் காட்டினார். துணி சுற்றியிருந்தது. "நேத்து ஊட்டப் போனேன்லே. பாதி வெரலு அவன் வயித்துல இருக்கு."

அவருடைய மனைவி வந்து ஊட்டலாம் என்றால், கொழுந்தனுக்கு அண்ணி ஊட்டுவது முறையில்லை என்றார். கூலிக்கு ஆள் தேடினோம். தோல் ஷாப்பில் மச்சானோடு வேலை செய்தவர்களே அவர் இடது கை வீசுவதைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டார்கள்.

5

என் தவுக்கே வீட்டில் பீங்கான் கரண்டியால்தான் கஞ்சி கொடுக்கிறேன். மருமகள் ஒருநாள் குழந்தையை வலது இடுப்பில் வைத்துக்கொண்டு இடது கையால் கொடுத்தாள். பெரியவர் குடித்தார். குடித்துவிட்டு வழக்கம்போல என்னை ஒன்று அடித்தார். அவ்வளவுதான். அந்தக் காட்சியைப் பார்த்துக்கொண்டு நான் வாளியோடு வெகுநேரம் நின்றுவிட்டேன். கடல் தாண்டினால் ஒரு கை வெறும் கையாகிவிடுகிறது.

நூருவுக்கு ஊர்க் கைக்கணக்கு விளங்காது. பாத்திமாவுக்கு இங்கே கை வெறும் கை என்பது விளங்குவதில்லை. இருவருக்கும் நடுவில் நான் மோர் விட்டுச் சூட்டுக்காயத்தைக் கழுவிக்கொண்டிருக்கிறேன்.

6

கப்பலுக்கு நாள் நெருங்கியது. நான் ஏறிவிட்டால் மச்சானுக்கு யார் ஊட்டுவது என்பதற்குப் பதில் இல்லை. ஏறாவிட்டால் எனக்கு மலாயாவும் இல்லை, ஊரில் பிழைப்பும் இல்லை. அத்தாவும் அம்மாவும் முன்பே மௌத்தாகிவிட்டார்கள். அக்காவுக்குப் போக வேறு வீடு கிடையாது.

ஒருநாள் பகல் தொழுகை முடிந்ததும் பக்கீர் ஜமாத் தலைவர் அசன் ராவுத்தரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அசன் ராவுத்தருக்கு எழுபது இருக்கும். தடியை ஊன்றிக் கட்டில் அருகே முக்காலியில் உட்கார்ந்தார். அக்கா உள்கதவின் திரைக்குப் பின்னால் நின்றாள்.

"நீங்களே பாருங்க தலைவரே" என்று ஆரம்பித்தார் பக்கீர். "யானை மாதிரி இருந்தவன் எலும்பும் தோலுமாக் கெடக்கான். இவ பீச்சாங்கையால ஊட்டுறா. காதரு கப்பலேறின மறுவாரம் எந் தம்பி மையத்துதான். இப்பவே இவள இந்த வீட்டவிட்டு அனுப்புங்க."

"அனுப்பிட்டு? நீ பாத்துக்குவியா?"

"ஆம்பள நான் எப்பிடி..."

"படுத்துக் கெடக்கிறவனும் ஆம்பளதான். அவனுக்கும் கழுவித்தான் விடணும். சரி, இரு." அவர் திரையைப் பார்த்தார். "ஏம்மா ஜெய்னம்பு, அவரு சொல்றது நெசமா?"

"நெசந்தான்."

"ஏம்மா அப்பிடி?"



"பாத்தீகளா? வாயத் தொறக்க மாட்டா. நெஞ்சழுத்தம்" என்றார் பக்கீர்.

அசன் ராவுத்தர் தாடியைத் தடவினார். "எனக்குச் சண்டை வேணாம். இங்க எம் முன்னால, சோத்துக்கையால ஒரு வாய் ஊட்டிரும்மா. அவன் தின்னுட்டா நான் எந்திரிச்சுப் போறேன். ஊட்ட மாட்டேன்னு நீ சொன்னா, அவன் சாவுக்கு நான் சாட்சியா இருக்க முடியாது. நீ இங்க இருக்கக் கூடாது."

அக்கா வெளியே வந்தாள். தலையில் முக்காடு, கையில் தட்டு. கட்டிலோரம் உட்கார்ந்து தட்டை மடியில் வைத்தாள். மச்சான் அவளை முறைத்துக்கொண்டு கிடந்தார்.

வலது கையைச் சோற்றில் வைத்தாள். விரல்கள் அளைந்தன. கூடவில்லை. மறுபடி அளைந்தாள். தோளிலிருந்து முழுக் கையையும் தூக்கி, விரல்களுக்கு இடையே எப்படியோ ஒட்டியிருந்த சோற்றை அவர் வாய்ப் பக்கம் கொண்டுபோனாள். மணிக்கட்டு திரும்பவில்லை. சோறு முழுதும் அவர் கழுத்தில் கொட்டியது.

"நாயே" என்றார் மச்சான்.

"நடிப்பு! நடிப்பு!" என்று பக்கீர் பாய்ந்தார். "திருப்புடி கையை. எப்பிடித் திரும்பாதுன்னு நான் பாக்குறேன்." அவள் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்து முறுக்கினார்.

அக்கா அலறிய அலறலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. எத்தனை முறை 'விழுந்தும்' அவள் அப்படிக் கத்தியதில்லை. நான் பக்கீரின் கழுத்தைப் பிடித்து இழுத்தேன். அவர் திரும்பி விட்ட அறையில் தண்ணீர்ப் பானைமேல் போய் விழுந்தேன். பானை உடைந்து, ஓடு என் முதுகில் ஏறியது. எழுந்து பார்க்கும்போது அசன் ராவுத்தர் தன் தடியால் பக்கீரின் முழங்கையில் ஓங்கிப் போட்டிருந்தார். பக்கீர் கையை உதறிக்கொண்டு நின்றார்.

அக்காவின் சட்டைக் கை மேலே ஏறியிருந்தது. மணிக்கட்டுக்கு மேலே எலும்பு ஒரு முடிச்சாகப் புடைத்து, கை அங்கிருந்து வேறு திசையில் போயிற்று. பழைய முறிவு. கட்டுப் போடாமல் தானாக ஒட்டிக்கொண்ட முறிவு. நீளக் கைச் சட்டையும் முந்தானையும் அதை இத்தனை காலம் மறைத்திருந்தன.

"இது எப்பம்மா ஒடிஞ்சது?" என்றார் அசன் ராவுத்தர்.

"கிணத்தடியில விழுந்தேன்."

"வடமதுரையில எலும்பு கட்டுறவரு இருக்காரே, போகலயா?"

"போகல."

"ஏன் போகல?"

அக்கா மடியிலிருந்த தட்டை நேராக்கி வைத்தாள். எலும்பு கட்டுகிறவர் கையைத் தொட்டுப் பார்த்தால் விழுந்ததா முறுக்கியதா என்று சொல்லிவிடுவார். அதனால் மச்சான் அவளைப் போக விடவில்லை. இது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கட்டிலில் கிடந்தவருக்கு அது எப்போதும் தெரியும். ஆனால் அவளுக்கு அந்தக் கையால் ஒரு வாய்ச் சோறு எடுக்க வராது என்பது அவருக்கும் அன்றைக்குத்தான் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஆண்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு சமையலறையில் பெண் எந்தக் கையால் சாப்பிடுகிறாள் என்று எங்கள் வீடுகளில் யார் பார்த்தார்கள்?

அப்போது தொப்பென்று ஒரு சத்தம் கேட்டது.

மச்சான் தன் இடது முஷ்டியால் தன் வலது கையைக் குத்தினார். செத்துக் கிடந்த அந்தக் கை அவர் வயிற்றின்மேல் இருந்தது. மறுபடி குத்தினார். "நாயே" என்றார். கண் மட்டும் அக்காவின் மணிக்கட்டின்மேல் இருந்தது. குத்தக் குத்த வேகம் கூடியது. வலது கை உணர்ச்சியில்லாமல் துள்ளித் துள்ளி விழுந்தது. கட்டில் சட்டத்தில் மோதிப் புறங்கைத் தோல் பிய்ந்தது. "நாயே! நாயே!" பக்கீர் பிடிக்கப் போனார். அவர் மூக்கில் ஒன்று விழுந்து இரத்தம் கொட்டியது. நானும் போய்ப் பிடித்தேன். இரண்டு பேருக்கும் அந்த ஒற்றைக் கை அடங்கவில்லை.

அது வருத்தமா, குட்டு வெளிப்பட்ட கோபமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அசன் ராவுத்தருக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டார்.

அக்கா மட்டும் தடுக்கவில்லை. தட்டை மடியில் வைத்தபடி, அவர் தன் கையைத் தானே அடிப்பதை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் களைத்துக் கை தளரும்வரை பார்த்தாள்.

7

"பக்கீரு, நீ வெளிய போ" என்றார் அசன் ராவுத்தர். பக்கீர் மூக்கைத் துண்டால் அழுத்திக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். "வெளிய போன்னேன்லே. இனிமே இந்த வீட்டுப் பஞ்சாயத்துன்னு எவனாச்சும் எம் முன்னால வந்தா இந்தத் தடி அவன் மண்டையில எறங்கும்."

பக்கீர் போனார். அசன் ராவுத்தர் போகவில்லை. அக்காவிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்திருப்பார் போல. முக்காலியிலேயே இருந்தார்.

நான் சிந்திய சோற்றை வழித்தேன். மச்சானின் கழுத்தைத் துடைத்தேன். வழக்கப்படி ஊட்டலாம் என்று தட்டை வாங்கக் கை நீட்டினேன்.

"நீ தள்ளு தம்பி. நீ கப்பலுக்குப் போறவன்" என்றாள் அக்கா.

எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். வேறு சோறு போட்டு, ஆணம் ஊற்றி, இடது கையால் பிசைந்தாள். மறைக்கவில்லை. முக்காடு பின்னால் நழுவியிருந்ததையும் இழுத்துவிடவில்லை. புருவத்தில் சொம்பு கிழித்த காயம் இன்னும் ஆறாமல் சிவந்திருந்தது. ஒரு வாய் உருட்டி, அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"இந்தா இருக்கு. எனக்கு இந்தக் கைதான் மிச்சம். வேணும்னா தின்னுங்க. வேணாம்னா பட்டினியாக் கெடங்க. எவன் வந்து கேட்டாலும் நான் இனிமே விழுந்தேன்னு சொல்லப் போறதில்ல."

மச்சான் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். மூச்சு இரைத்தது. அவருடைய இடது கை கட்டிலின் விளிம்பில் இரத்தத்தோடு தொங்கியது. அதைத் தூக்குவார் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அக்காவும் அதைப் பார்த்தாள். நகரவில்லை.

பிறகு அவர் வாயைத் திறந்தார்.

அக்கா உடனே ஊட்டவில்லை. திறந்த வாயைப் பார்த்தபடி அந்தச் சோற்றைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். அசன் ராவுத்தரும் நானும் எதிரே இருக்க, அவசரப்படாமல் மென்று விழுங்கினாள். என் அக்கா சாப்பிட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இரண்டாவது வாயைத்தான் அவருக்குக் கொடுத்தாள்.